காணும் பொங்கலுக்குப் பதினான்கு பேர்

பெரம்பலூர்,
8-11-1981

அன்புள்ள அண்ணன் மாயவனுக்கு,

தங்கை பொன்னாயி எழுதுகிறேன். இங்கே சளியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முட்டிவலி குறைந்ததா, அண்ணி எப்படி இருக்கிறார், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா, எல்லாவற்றுக்கும் பதில் எழுதவும்.

வீடு மாறிவிட்டேன். தீபாவளிக்கு முந்திய வாரமே வந்தாயிற்று. ஆபீசில் டைப் அடித்து ஓய்ந்த விரலால் வீட்டிலும் எழுத வேண்டுமா என்று சோம்பல்பட்டு இத்தனை நாள் தள்ளிவிட்டேன். முன்பகுதியில் வீட்டுக்காரம்மா பச்சையம்மாள் தனியாக இருக்கிறார். பின்பகுதி எனக்கு. ஒரே முன்வாசல்தான், நடையைத் தாண்டினால் என் கூடம். இரண்டு வரிசையாக இலை போட்டால் பதினைந்து பேர் தாராளமாக உட்காரலாம். வந்த அன்றே அளந்து பார்த்துவிட்டேன்.

ஏன் அளந்தேன் என்று கேள். வருகிற காணும் பொங்கலுக்கு எல்லாரும் என் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். அம்மாவுக்குப் பொங்கல் என்றால் என்ன? பண்ணை வீட்டுக் கொல்லையில் அண்டா குண்டாவெல்லாம் விளக்கிவிட்டு, அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பொழுது சாய வருவார். அதற்குள் நாம் சாப்பிட்டு முடித்திருப்போம். எனக்கு நினைவு தெரிந்த நாளாக இதுதான் நடக்கிறது. இந்தத் தடவை முதல் இலை அம்மாவுக்கு. அவர் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடக் கூடாது.

யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம். சீர், தட்டு, முறை ஒன்றும் கிடையாது. வந்தோம், சாப்பிட்டோம், பாயில் சாய்ந்தோம், பேசினோம் என்று இருக்க வேண்டும். சித்தப்பா, அத்தை எல்லாரிடமும் சொல்லிவிடு.

உன் அன்புத் தங்கை,
பொன்னாயி


விக்கிரமங்கலம்,
15-11-1981

தங்கச்சி பொன்னாயிக்கு,

மாயவன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டி, மழைக்கு முந்தின நாள் வலிக்கிறது, மழை பெய்ததும் நின்றுவிடுகிறது. உன் சளிக்குக் கண்டங்கத்திரி போட்டு ரசம் வைத்துக் குடி.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கிறது. வாரம் முழுக்க அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றிவிட்டு நான் சனிக்கிழமை வந்துதான் பார்த்தேன். அதற்குள் போஸ்ட்மேன் அய்யம்பெருமாள் அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டிவிட்டார். அம்மா நம் காலனி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "எம்மவ வூட்டுல எனக்கு மொத எலையாம்" என்று குழாயடியில் சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

தலையை எண்ணிவிட்டேன். நாங்கள் ஐந்து பேர், அரியமுத்து சித்தப்பா வீட்டில் நாலு பேர், சின்னம்மா அத்தை வீட்டில் ஐந்து பேர். ஆக பதினான்கு. அன்றைக்குக் கறி இல்லாவிட்டால் அது பொங்கலே இல்லை என்று சித்தப்பா இப்போதே சண்டைக்கு நிற்கிறார். உன் வீட்டில் மின்விசிறி உண்டா என்று அத்தை கேட்கிறார். தை மாதத்தில் இவருக்கு எதற்கு விசிறி என்று நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எழுது. அந்தப் பச்சையம்மாள் யார், என்ன ஆட்கள்? நாம் இன்னார் என்று தெரிந்துதானே வீடு கொடுத்தார்?

இப்படிக்கு அண்ணன்,
மாயவன்


பெரம்பலூர்,
29-11-1981

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சளி போய்விட்டது. உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.

சாப்பாட்டைப் பற்றி யோசித்தேன். சாம்பார், ரசம், இரண்டு பொரியல், வடை, பாயசம் என்று வைத்துக்கொள்வோம். கறி வேண்டாம். சிறிய அடுப்பு, புகை போக இடமில்லை. சித்தப்பாவைச் சமாதானப்படுத்து. பிறகு, பதினான்கு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்க வேண்டாம். இரண்டு தடவையாக வாருங்கள். காலையில் வராமல் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தால் நல்லது. தெருவில் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு வர வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்.

மின்விசிறி உண்டு என்று அத்தையிடம் சொல்லிவிடு. அம்மாவுக்குப் பச்சைக் கரை போட்ட சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அதை இப்போது சொல்லிவிடாதே. இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை, வேலை அதிகம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
பொன்னாயி


விக்கிரமங்கலம்,
6-12-1981

தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். இங்கே பனி அதிகம், அம்மா இருமுகிறார்.

உன் கடிதத்தைப் படித்தேன். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி இல்லை, கள்ளச்சாராயம் கடத்துகிற மாதிரி இருக்கிறது. இரண்டாகப் பிரிந்து வா, வெயிலில் வா, வாயைத் திறக்காமல் வா என்கிறாய். சும்மா வந்து சாய்ந்து பேச வேண்டும் என்று முதல் கடிதத்தில் எழுதியவள் நீதானே?

நான் ஒரு கேள்வி கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. அடுப்புப் புகையைப் பற்றி அரைப் பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு அதற்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே எழுது.

அண்ணன்,
மாயவன்


பெரம்பலூர்,
11-12-1981

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் இருமலுக்குச் சித்தரத்தை வாங்கிக் கொடு.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு முன் நாலு வீடு ஏறி இறங்கினேன். ஊர் கேட்பார்கள், பிறகு தெரு கேட்பார்கள். காலனி என்றதும், "தம்பி மெட்ராஸ்லேருந்து வரப் போறான், வூடு காலி இல்லம்மா" என்பார்கள். நாலு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தம்பி வருகிறான். ஐந்தாவதாகப் பச்சையம்மாள் வீட்டுக்கு வந்தேன். "விக்கிரமங்கலமா? மேலத்தெருவா? எங்க சொந்தக்காரர் காசிநாதன் வூட்டுப் பக்கமா?" என்று அவரே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, அண்ணா. தலையை மட்டும் ஆட்டினேன். அன்றிலிருந்து அவர் என்னைத் தன் சாதிப் பெண் என்று நினைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் பூ கொடுக்கிறார். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார். நல்லவர்தான். அந்த நல்லதெல்லாம் யாருக்குச் செய்கிறார் என்று நினைத்தால்தான் அந்தப் பூவைத் தலையில் வைக்க முடியவில்லை.

பதினான்கு பேர் வந்தால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். சித்தப்பா யாரைப் பார்த்தாலும் தப்பு மேளம் அடிக்கப் போன ஊர்க்கதைகளைத்தான் முதலில் எடுத்துவிடுவார். அவர் ஏன் வாயை மூட வேண்டும்? அதுவும் எனக்குத் தெரிகிறது. ஆனால் இந்த வீடும் போனால் நான் எங்கே போவேன்? ஆபீசுக்குத் தினமும் விக்கிரமங்கலத்திலிருந்து வந்து போக முடியுமா?

ஒரு வழி தோன்றுகிறது. சமையலை முடித்து எடுத்துக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுகிறேன். எல்லாருமாக ரஞ்சன்குடி கோட்டைக்குப் போய்விடலாம். காணும் பொங்கல்தானே, நாலு பேர் நாலு இடம் போய்ப் பார்க்கிற நாள்தானே. கோட்டைக்குள் புல்லில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இதை நீ மட்டும் படி. படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. அம்மாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டாம்.

பொன்னாயி


விக்கிரமங்கலம்,
27-12-1981

தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் போன சனிக்கிழமையே பார்த்துவிட்டேன். உடனே எழுதியிருந்தால் கண்டபடி எழுதியிருப்பேன். ஒரு வாரம் போகட்டும் என்று விட்டேன். கோபம் இல்லை என்று எழுதினால் பொய். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உன் மேலா, அந்த அம்மா மேலா, சுண்ணாம்புக்கல் மேலா? கல்லைத்தான் இந்த வாரம் முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டேன்.

ரஞ்சன்குடி என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் குதிக்கிறார்கள். கோட்டையில் என்றால் கறி உண்டா என்று சித்தப்பா கேட்கிறார். அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. "கோட்டைதானே, போவோம்" என்றார். நாற்பது கேள்வி கேட்பார் என்று நான் பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

அம்மா போன செவ்வாய்க்கிழமை கண்ணைக் காட்டுகிறேன் என்று தனியாகவே அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாராம். கூட்டமாக இருந்ததாம், பார்க்கவில்லையாம்.

மாயவன்


விக்கிரமங்கலம்,
30-12-1981

பொன்னாயிக்கு, போஸ்ட்மேன் அய்யம்பெருமாள். உங்கள் தாயார் சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுதுகிறேன்.

ஆயி, நான் நல்லா இருக்கேன். இருமல் நின்னு போச்சு. நீ நேரத்துக்குச் சாப்புடு. ஆபீஸ் போற அவசரத்துல காலைல வெறும் வயித்தோட ஓடாத.

கோட்டைக்குப் போறோம்னு ஒன் அண்ணன் சொன்னான். எனக்கு ரொம்ப நாளா கோட்டை பாக்கணும்னு ஆசை. வூட்டைவிட அதான் எனக்கு நல்லது, காத்தாட இருக்கும். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத.

வூட்டுக்காரம்மா மனசு நோகாம நடந்துக்க. வயசான காலத்துல தனியா இருக்குறவங்க. நீ ஒத்தாசையா இரு. வேற ஒண்ணும் இல்ல.

அம்மா ஆண்டாயி (கைநாட்டு)


பெரம்பலூர்,
5-1-1982

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

அம்மாவின் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். அதில் இல்லாததை நான் எழுதுகிறேன். இரண்டு வாரமாக நானும் மறைத்துவிட்டேன். அம்மா அன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இங்கே வந்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தேன். கூடத்தில் ஒரு துணிப்பை இருந்தது. மொச்சை, வறுத்த கடலை, கேழ்வரகு மாவு. பச்சையம்மாள் சொன்னார்: "பொன்னாயி, உங்க வூட்டுப் பண்ணையாளு வந்துச்சு. ஒங்கம்மா குடுத்தனுப்பிச்சாங்களாம். நல்ல மனுசி. பசியோட வந்துருக்கு, பின்வாசல்ல உட்கார வெச்சுச் சோறு போட்டேன். தின்னுட்டு எலையை அதுவே எடுத்துப் போட்டு, உட்கார்ந்த எடத்தைத் தண்ணி ஊத்திக் கழுவிட்டுப் போச்சு. சொல்லாமயே செஞ்சுச்சு."

மூக்கில் கறுத்த மச்சம், இடது கால் சற்று இழுக்கும் என்றும் சொன்னார். "ஆமாதான, ஒங்க வூட்டு ஆளுதான?" என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். மறுபடியும் அதே தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. யாருக்கு முதல் இலை போட வேண்டும் என்று கூடத்தை அளந்தேனோ, அவர் என் வீட்டுப் பின்வாசலில் மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான் ஆபீசில் யாருடைய மனுவையோ டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு யார் சொன்னது? உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதே. நீ சொல்ல மாட்டாய் என்றுதானே உனக்கு எழுதினேன்?

பொன்னாயி


விக்கிரமங்கலம்,
10-1-1982

தங்கச்சிக்கு,

நான் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் சத்தியம். நேற்று உன் கடிதத்தைப் பார்த்ததும் அய்யம்பெருமாளைப் போய்க் கேட்டேன். உன் டிசம்பர் கடிதம் வந்த அன்று நான் அரியலூரில் இருந்தேன். வழக்கம் போல அம்மா பிரித்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவரும் வழக்கம் போலச் சத்தமாகப் படித்திருக்கிறார். நீ மட்டும் படி, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்பதைக் கடைசி வரியிலா எழுதுவாய்? அந்த வரிக்கு அவர் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாராம். அம்மாதான் சோற்றுப் பருக்கை வைத்துக் கடிதத்தை ஒட்டி, "எம்மவன் கிட்ட சொல்லிடாத தம்பி" என்று மாடத்தில் வைத்திருக்கிறார். ஒட்டியிருந்த பருக்கையை நானும் பார்த்தேன். நீ ஒட்டினது என்று நினைத்துக்கொண்டேன். வாராவாரம் இந்த வீட்டில் கடிதம் எப்படிப் படிக்கப்படுகிறது என்று நம் இருவருக்கும் தெரியும். இருவருமே மறந்துபோனோம்.

அம்மாவிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, "அவ இருக்கற வூடு எப்படி இருக்குன்னு ஒரு தரம் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். அந்தம்மா யாருன்னு கேட்டாங்க. வாயில அதான் வந்துச்சு. ரசம் நல்லா வெச்சிருந்தாங்க" என்றார். உள்ளே போய் அரிசி புடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பொன்னாயி, நான் உனக்குப் புத்தி சொல்லப் போவதில்லை. வெளியூரில் தனியாக இருப்பவள் நீ. வீட்டை இழந்தால் அலையப் போவதும் நீ. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதினான்கு பேரும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாக இறங்குவோம். கோட்டைக்கா, வீட்டுக்கா என்று எழுதிவிடு. எதுவானாலும் நான் உன் பக்கம்தான்.

மாயவன்


பெரம்பலூர்,
12-1-1982

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் மதியம் ஆபீசுக்கே வந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யோசிக்க ஆரம்பித்தால் கோட்டைக்குத்தான் போவேன் என்று தெரியும். அதனால் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசிவிட்டேன்.

பச்சையம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு வந்தது எங்க வூட்டு ஆளு இல்லீங்க. எங்க அம்மா. நாங்க மேலத்தெரு இல்ல, காலனி. நீங்க கேட்டப்ப நான் சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப ஏன் சொன்ன? நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார்.

"அதனாலதாங்க சொன்னேன்."

முறத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்தார். "தை முடியுற வரைக்கும் இரு. அதுக்கப்புறம் வேற எடம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தினார், ஓங்கிச் சாத்தவில்லை. எனக்குப் பிடித்தவர் என்பதால் வலிக்கிறது. பயமாகவும் இருக்கிறது. மறுபடியும் ஊர், தெரு என்று வீடு வீடாக ஏற வேண்டும். இந்தத் தடவை அவர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவேன்.

ஆனால் தை முப்பதாம் தேதி வரை இது என் வீடு. கோட்டை வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள். ஒரே பஸ்ஸில் வாருங்கள். சித்தப்பாவுக்குக் கறி உண்டு என்று சொல். அம்மாவை முன்னால் நடக்கவிடு, நீங்கள் பின்னால் வாருங்கள். முன்வாசலில் நான் நிற்பேன்.

அன்புடன்,
பொன்னாயி


விக்கிரமங்கலம்,
20-1-1982

பொன்னாயிக்கு, அய்யம்பெருமாள். முதலில் என்னை மன்னிக்கவும். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆயி, நாங்க சுகமா வந்து சேந்தோம். நீ அன்னைக்குப் பூரா நின்னுக்கிட்டே இருந்தியே, கால் வலி எப்படி இருக்கு?

எனக்குச் சும்மா உட்கார்ந்து திங்கத் தெரியலன்னு எல்லாரும் சிரிச்சீங்க. அப்பளம் எடுக்க எழுந்திரிச்சேன், ஒன் அண்ணி புடிச்சு உட்கார வெச்சா. தண்ணி எடுக்க எழுந்திரிச்சேன், ஒன் அத்தை உட்கார வெச்சா. பழக்கமில்லாத வேலைதான, போகப் போக வந்துடும். ஒன் சித்தப்பன் தின்ன தீனிக்குக் கொறட்டை வுட்டதுல தப்பே இல்ல.

ஒனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு, அதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. சாப்புட்டு நான் கை கழுவப் போனேன்ல. கெணத்தடியில அந்தம்மா நின்னாங்க. காலைலேருந்து வெளியில தலையே காட்டாதவங்க. நான் போயி, "அன்னைக்கு வேலைக்காரின்னு சொன்னது பொய்ங்க. என் பேரு ஆண்டாயி. பொன்னாயி நான் பெத்த பொண்ணு"ன்னு சொன்னேன். அவங்க தலைய மட்டும் ஆட்டுனாங்க. அப்புறம் உள்ள போயிட்டாங்க. அதுக்கு என்னா அர்த்தம்னு எனக்குத் தெரியல. சொல்ல வேண்டியத நான் சொல்லிட்டேன்.

நான் பின்வாசல்ல உட்கார்ந்து சாப்புட்டேன்னு நீ ரொம்ப அழுத. அத வுட்டுடு. பின்வாசலு எனக்குப் புதுசு இல்ல. பொய் சொன்னதும் பெருசா வலிக்கல. வலிச்சது வேற. சோறு போடறப்ப அந்தம்மா, "பொன்னாயியோட அம்மா எப்படி இருக்காங்க, அவங்களுக்கென்ன, இப்படி ஒரு பொண்ணைப் பெத்துருக்காங்க"ன்னு கேட்டாங்க. "அவங்களுக்கு என்னாங்க, மவராசி, நல்லா இருக்காங்க"ன்னு சொன்னேன். சொல்லச் சொல்ல, அப்படி ஒரு பொம்பள மேலத்தெருவுல நெசமாவே இருக்குற மாதிரி ஆயிடுச்சு. ஒன்னை அவதான் பெத்தா, நான் பைய தூக்கிட்டு வந்தவன்னு ஆயிடுச்சு. பஸ்ஸுல வர்றப்ப பூரா அந்தப் பொம்பள மேல எனக்குப் பொறாமையா இருந்துச்சு ஆயி.

சனிக்கிழமை நீ வாசல்ல நின்னு, தெருவே பாக்க, "வாம்மா"ன்னு கூப்புட்ட. அப்ப அந்தப் பொம்பள போயிட்டா.

அம்மா ஆண்டாயி (கைநாட்டு)